கீறல் வழியே இறங்கும் ஈரம்

"பெயிண்ட் போனா என்ன, வண்டி ஓடுதுல்லா?" கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில் பாதி சரி. வண்டி ஓடுவதற்கு நிறம் தேவையில்லை. மீதிப் பாதிதான் மூன்று, நான்கு மழைக்காலம் கழித்து விவசாயியின் பையில் கை வைக்கிறது. கரிசல் காட்டில் ஓடும் வண்டிக்கு, கீறல் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. அது ஈரம் உள்ளே போவதற்குத் திறந்து விட்ட மடை.

உழவு மாட்டின் இடத்தில்

1955-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட், கிராமத்தில் பெரிய பண்ணைக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற வண்டி. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த பிறகுதான், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த சிறு விவசாயியும் மோட்டார் வண்டியில் காட்டுக்குப் போகத் தொடங்கினார். அதற்குப் பின் வந்த 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் மாட்டு வண்டியின் வேலையில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டன.

இன்று கரிசல் கிராமத்தில் மோட்டார் சைக்கிள் சுமக்காத பொருள் இல்லை. விதை மூட்டை, டி.ஏ.பி. மூட்டை, கைத்தெளிப்பான், தண்ணீர்க் குடம், ஆட்டுக்குத் தழை, பருத்திப் பொதி எல்லாம் அதன் முதுகில்தான். தார் ரோட்டுக்கென்று செய்யப்பட்ட வண்டி, ஓடைக்குள் இறங்கி, வேலிக்கருவை முள்ளில் உரசி, வரப்பில் ஏறிப் போகிறது. கீறல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எட்டயபுரம் பக்கம் பருத்தியும் உளுந்தும் போடும் பெரியவர் ஒருவர், ஆடிக்காற்று ஓய்ந்ததும் இரண்டு நாள் வேலையை ஒதுக்கி வைப்பார். முதல் நாள் மண்வெட்டி, களைக்கொத்தி, கலப்பைக் கொழு இவற்றைத் துடைத்து எண்ணெய் போடுவார். மறுநாள் மோட்டார் சைக்கிள். ஒரு தடவை அவருடைய மருமகன் கேட்டார்:

"மாமா, ஓடுத வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"மம்பட்டியுந்தான் நல்லா வெட்டுது. அதுக்கு எதுக்கு மாப்ள எண்ணெ தடவி வைக்கோம்?"

அவர் சொன்னதற்குள் இந்த விஷயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. கருவி என்று நினைத்தால் துரு பிடிக்க விடமாட்டோம். சவாரிக்கு என்று நினைத்தால்தான் "போனால் போகட்டும்" என்று தோன்றும்.

கரிசல் சேறும் உர மூட்டையும்

கரிசல் மண்ணின் களித்துகள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையை நம்பி மாசி வரை மானாவாரிப் பயிர் நிற்கிறது. பயிருக்கு வரமான அந்தக் குணமே இரும்புக்குச் சாபம். மட்கார்டுக்கு அடியில் அப்பிய கரிசல் சேறு, மேலே காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே, தகரத்தை ஒட்டிய பக்கம், நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். புண்ணின் மேல் ஈரத்துணியைக் கட்டி வைத்ததுபோல.

அடுத்த தவறு, அந்தச் சேற்றை எடுக்கும் விதம். சக்கரம் சுற்ற முடியாமல் அடைத்துக்கொண்டால், கையில் கிடைத்த கம்பியையோ களைக்கொத்தியையோ விட்டு நோண்டுவது வழக்கம். மட்கார்டின் உள்பக்கப் பெயிண்ட் போவது பெரும்பாலும் அங்கேதான். தென்னை மட்டைத் துண்டு அல்லது மூங்கில் சிம்பு ஒன்றைச் சீட்டுக்கு அடியில் செருகி வைத்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தள்ளினால் சேறு தானாக வழுக்கி விழும். கழுவுகிற இடம் ஊருணிக் கரையாகவோ கண்மாய்த் தண்ணீராகவோ இருக்கக் கூடாது. வண்டியிலிருந்து வடிகிற ஆயிலையும் மருந்தையும் ஊரே குடிக்க வேண்டி வரும்.

உரம் இன்னொரு காரணம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சோற்று உப்புக்கு நெருங்கிய சொந்தம். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். அமோனியம் சல்பேட் அமிலத் தன்மை உடையது. மூட்டையின் தையலிலிருந்து உதிர்ந்த நாலு மணி உரம் கேரியர் இடுக்கில் கிடந்தால், ஒரு மழைத் தூறலில் அது உப்புத் தண்ணீராக மாறிவிடும்.

தாமிர மருந்து தெளிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். போர்டோ கலவை தயாரித்ததும், பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பது பழைய சோதனை. கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அங்கே நடப்பது என்ன? கரைசலில் உள்ள தாமிரம் கத்தியில் படிய, கத்தியின் இரும்பு கரைந்து போகிறது. தாமிர மருந்து சிந்திய மோட்டார் சைக்கிளில், பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் நடப்பதும் அதே வேலைதான். கத்தியை உடனே கழுவுகிறோம், வண்டியைக் கழுவுவதில்லை.

நகம் சொல்லும் கணக்கு

கீறல் எவ்வளவு ஆழம் என்று பார்க்க விரல் நகமே போதும். இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, நகத்தைக் குறுக்கே ஓட்ட வேண்டும்.

நகம் தட்டவில்லை என்றால், மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சில் மட்டும் விழுந்த கீறல். ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்து, பிறகு மெழுகுப் பாலிஷ் போட்டால் மறைந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

நகம் தட்டி, உள்ளே சாம்பல் அல்லது செங்காவி நிறம் தெரிந்தால், கீறல் பிரைமர் வரை போயிருக்கிறது. இரும்பு இன்னும் வெளியே வரவில்லை. அந்த நிறத்தில் டச்-அப் பெயிண்டை வாங்கி, சிறு தூரிகையால் கீறலுக்குள் மட்டும் நிரப்பினால் மழைக்காலத்தைத் தாண்டிவிடும்.

இரும்பே தெரிந்தால், அல்லது பெயிண்ட் ஓரத்தில் கொப்புளம் கிளம்பியிருந்தால், வேலை கொஞ்சம் கூடுதல். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. கண்ணுக்குத் தெரிகிற புள்ளியைவிட, பெயிண்டுக்கு அடியில் துரு பரவிய இடம் பெரிது. களையை மேலே கிள்ளி எறிவதற்கும் வேரோடு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். 180 அல்லது 220 எண் உப்புத்தாளால், பளபளவென்று இரும்பு தெரியும் வரை துருவை எடுக்க வேண்டும். பிறகு 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பழைய பெயிண்டின் விளிம்பு கைக்குத் தட்டாதபடி சரிவாக்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் தூசி மூக்குக்குள் போகாது. பழைய பெயிண்ட் சிலவற்றில் ஈயம் உண்டு என்பதால் இது முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மண்ணெண்ணெய் மட்டும் போட்டு நிறுத்திவிடக் கூடாது. அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது. கடைசியாகத் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடை துடைக்க வேண்டும்.

குழிக்குள் எட்டாத துருவுக்கு, கடைகளில் துரு மாற்றி என்று ஒரு திரவம் கிடைக்கிறது. அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுத்து மையாவதை முன்னோர் அறிந்திருந்தார்கள். டானின் வேலை அதுதான். சிவந்த துருவை, இரும்போடு ஒட்டிய கறுப்புப் படலமாக மாற்றிவிடும். பாஸ்பரஸும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி இரும்புத் தூணே சாட்சி. சுமார் 1,600 ஆண்டுகளாக அது வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு, அதன் இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்து, மேலே ஒரு காப்புப் படலம் உருவானதே முக்கியக் காரணம் என்று உலோக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் உதிர்கிற துருவின் மேல் இந்தத் திரவத்தைப் பூசிப் பயனில்லை. சுரண்டி எடுத்துவிட்டு, ஒட்டி நிற்கும் மிச்சத்துக்குத்தான் அது மருந்து. கையுறை போடாமல் தொடக் கூடாது.

அதன் பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், அது நன்றாகக் காய்ந்ததும் நிறம், அதன் மேல் கண்ணாடிப் பூச்சு. ஒவ்வொன்றும் மெல்லியதாக இரண்டு முறை. தடிமனாக ஒரே தடவை அடித்தால் வழியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, ஈரப் பெயிண்டின் மேல் புழுதியை விதைத்துவிட்டுப் போகும். ஐப்பசி மழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து, பெயிண்ட் வெளுத்துப் பூக்கும். இரண்டுக்கும் நடுவே, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள், காற்று குறைந்த காலை நேரமே நல்லது. மானாவாரி விதைப்புக்கு முந்திய இடைவெளி அது. ஆயுத பூஜையும் பின்னாலேயே வந்துவிடும். சந்தனப் பொட்டு வைப்பதற்கு முன்னால் துருவைத் துடைத்தால், பூஜைக்கும் மரியாதை.

பளபளப்பும் வெள்ளைப் பூப்பும்

ஹேண்டில் பார், கிராஷ் கார்டு, சைலன்சர், ரிம் போன்றவற்றில் இருக்கும் வெள்ளிப் பளபளப்பு குரோமியம் பூச்சு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது அது. நிக்கல் படலத்தின் மேல் அமர்ந்திருக்கும். அதில் ஊசித்துளை விழுந்தால் உள்ளிருக்கும் இரும்பு செம்புள்ளியாகப் பூக்கும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியோ, எலுமிச்சையும் உப்புமோ போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பித்தளைக்கு அது சரி. குரோமியத் துளைக்குள் உப்பும் புளிப்பும் இறங்கினால், இன்று பளபளக்கும், மழை வந்ததும் மறுபடி சிவக்கும். கம்பி நாரும் ஆகாது.

ஓட்டலில் பார்சல் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல் துரு வந்துவிடும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பிறகு கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, மெழுகு பூச வேண்டும். பூச்சே உரிந்துவிட்டால் தேய்த்துப் பலன் இல்லை. பட்டறையில் கொடுத்து மறுபூச்சுப் போடலாம். அல்லது சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். சைலன்சருக்குச் சாதாரணப் பெயிண்ட் கருகி உரியும். வெப்பம் தாங்கும் பெயிண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்ஜின் மூடி அலுமினியம். அது சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளையாகப் பூக்கும். சலவை சோடா கரைத்துக் கழுவினால் அந்தக் காரம் அலுமினியத்தை அரித்து இன்னும் மங்கலாக்கும். சாதாரணச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பிறகு மெட்டல் பாலிஷ்.

மழைக்கு முன் வண்டியின் அடியில் கழிவு ஆயிலை அள்ளித் தெளிக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இரும்புக்கு அது காப்புத்தான். ஆனால் ரப்பர் புஷ் ஊதிப் போகும். பிரேக்கில் பட்டால் பிடிக்காது. சொட்டுகிற எண்ணெய் நிலத்தில் சேரும். போல்ட்டுகளிலும் இணைப்புகளிலும் விரலால் மெல்லியதாகக் கிரீஸ் தடவுவது மேல். பிரேக் டிரம், டிஸ்க், டயர் பக்கம் எண்ணெயோ மெழுகோ பாலிஷோ போகவே கூடாது.

டேங்க் நெளிந்தால்

வரப்பில் வண்டி சரிந்தால் முதலில் அடிபடுவது பெட்ரோல் டேங்க். நெளிவை எடுக்கச் சூடு காட்டி ஐஸ் வைப்பது என்றெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். டேங்க் அருகே நெருப்பைக் கொண்டுபோகும் எந்த யோசனையையும் கேட்கக் கூடாது. பெட்ரோலைக் காலி செய்துவிட்டோமே என்ற தைரியம் அதைவிட ஆபத்து. நிறைந்த டேங்கைவிட, காலி டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும்தான் வெடிக்கும். தீப்பெட்டித் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த கோவில்பட்டிக்காரர்களுக்கு, ஒரு பொறி என்ன செய்யும் என்று தெரியும்.

நெளிவு மட்டும்தான், கசிவு இல்லை என்றால் டிங்கரிங் பட்டறையில் இழுத்து எடுப்பார்கள். மிச்சமிருக்கும் சிறு பள்ளத்துக்குப் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள். பட்டி மெல்லியதாக இருக்கும் வரைதான் நிற்கும். பெரிய பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பினால், குலுங்குகிற காட்டுப் பாதையில் கரிசல் வெடிப்பதுபோல் அதுவும் வெடிக்கும். கசிகிற டேங்கைக் கழற்றி, முறையாகக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுக்க வேண்டும். தையல் பக்கம் அரித்துப்போயிருந்தால் மாற்றுவதே லாபம்.

பெயிண்ட் மறைக்கக் கூடாதவை

நல்ல மிஸ்திரியை ஒரு கேள்வியில் அடையாளம் காணலாம். வண்டியைப் பார்த்ததும் "என்ன கலர் அடிக்கணும்?" என்று கேட்பவரைவிட, "அண்ணாச்சி, இது எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்பவர் நல்லவர். அடி எங்கே விழுந்தது என்று தெரிந்தால்தான், வலு எங்கே போயிருக்கும் என்று தேட முடியும்.

முன் ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி வந்தால் அது அழகுக் குறை அல்ல. அந்தக் குழி மேலும் கீழும் போகும்போதெல்லாம் ஆயில் சீலைக் கிழிக்கும். ஆயில் வழிந்து முன் பிரேக்கில் இறங்கும். ரிம்மின் உள்பக்கத் துரு டியூபைத் துளைக்கும். ஸ்போக்ஸ் வேரில் அரித்தால் கம்பி தெறிக்கும். வளைந்த பிரேக் லிவரைத் திருப்பி வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அவசரத்துக்குப் பிடிக்கும்போதுதான் அது ஒடியும். அதை மாற்ற வேண்டும். சேசிஸ் வெல்டிங் ஓரத்தில் முடிபோல ஒரு துருக்கோடு ஓடினால், அது கீறலா வெடிப்பா என்று பெயிண்டைச் சுரண்டிப் பார்க்காமல் மேலே நிறம் அடிக்கவே கூடாது. 50 கிலோ மூட்டையோடும் பின்னால் மனைவியோடும் போகிற வண்டி அது.

சேசிஸ் எண் பொறித்த இடத்தில் உப்புத்தாள் படக் கூடாது. தடிமனாகப் பெயிண்டும் அடிக்கக் கூடாது. எண் அழிந்தால் விற்கும்போதும் இன்சூரன்ஸிலும் பெரிய தலைவலி. ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. நிறத்தையே மாற்றினால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பதிவைத் திருத்த வேண்டும்.

சந்தையில் நிற்கும்போது

மழை பொய்த்த வருஷத்தில் மானாவாரி விவசாயி வீட்டிலிருந்து முதலில் வெளியே போவது ஆடு. அடுத்தது நகை. அதற்கும் அடுத்தது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான். மறு விதைப்புக்கு விதை வாங்கவோ பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டவோ அதை விற்க நேரும். வாங்க வருகிறவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் டேங்கின் அடியில் விரலை ஓட்டுவார். மட்கார்டைத் தட்டிப் பார்ப்பார். துரு கையில் உதிர்ந்தால் விலையும் உதிரும். கையில் காசே இல்லாத நேரத்தில் விழும் அந்த அடி, ஆவணியில் ஒரு உப்புத்தாளும் ஒரு சின்ன டப்பா பெயிண்டும் வாங்காததால் வந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் ஆடு வாங்குவதில்லை. நோய் கண்ட ஆட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து விற்றவன் பேர், அடுத்த வாரத்துக்குள் சுற்று வட்டாரம் முழுவதும் போய்விடும். அரித்த தகரத்தில் பட்டி பூசி, வெடித்த சேசிஸில் பெயிண்ட் அடித்து விற்பதும் அதே கணக்கில்தான் சேரும். வாங்குகிறவரும் இன்னொரு சம்சாரிதான். அவர் பிள்ளையும் அதில்தான் உட்கார்ந்து போகும்.

கீறலைச் சரிசெய்வது வண்டியைக் காப்பதற்காக இருக்க வேண்டும். வண்டியின் நோயை மறைப்பதற்காக இருக்கக் கூடாது. காற்று ஓய்ந்த ஒரு காலையில், வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரும் விரல் நகமுமாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் போதும். எங்கே பெயிண்ட் வேண்டும், எங்கே மிஸ்திரி வேண்டும் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.